வரையத் தெரிந்த புனிதர்



புனித சிலுவை யோவான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அவருடைய பாடல்கள். சொந்தச் சபைத் துறவிகளே அவரைப் பிடித்துத் தோலேதோ நகரில் ஒரு குறுகிய அறையில் அடைத்தார்கள். 1577 டிசம்பர் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தப்பி வெளியேறும்வரை அங்கே கிடந்தார். அந்த இருட்டில் அவர் மனத்துக்குள் கட்டிய பாடல்கள் ஸ்பானிய மொழியின் சிறந்த கவிதைகளில் வைத்து இன்றும் எண்ணப்படுகின்றன. அவிலாவின் புனித தெரேசாவோடு சேர்ந்து கார்மேல் சபையைப் புதுப்பித்தவர். 1926-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவர். இவையெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 14 அன்று நீங்கள் கேட்பவைதான். அதிகம் சொல்லப்படாத ஒன்று உண்டு. அவர் படம் வரைவார்.

இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அரையாண்டுத் தேர்வு நேரம் இது. பிள்ளையின் கையிலிருந்த ட்ராயிங் நோட்டைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டுத் திருப்பலிக்கு வந்திருக்கிற பெற்றோர் இங்கே சிலர் இருப்பீர்கள். நீங்கள் கொஞ்சம் கூடுதலாகக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

யோவான் 1572 முதல் 1577 வரை அவிலாவில், மனுவுருவாதல் மடத்துக் கன்னியர்க்கு ஆன்ம குருவாக இருந்தார். அந்த ஆண்டுகளில் ஒரு நாள் செபத்தில் சிலுவையில் தொங்கும் ஆண்டவரைக் கண்டதாகவும், கண்டதை ஒரு துண்டுத் தாளில் பேனாவால் வரைந்ததாகவும் மடத்து மரபு சொல்கிறது. அந்தத் தாளை அவர் ஆனா மரியா என்ற கன்னியருக்குக் கொடுத்தார். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அது அதே மடத்தில் பத்திரமாக இருக்கிறது. உயரம் 57 மில்லிமீட்டர், அகலம் 47 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம்.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? நம் கோவில்களில் உள்ள பாடுபட்ட சுரூபங்கள் எல்லாம் நம்மைப் பார்த்தபடி இருக்கும். பீடத்துக்கு மேலே நேராக, இரு கைகளும் சமமாக விரிந்திருக்க, முகம் நமக்குத் தெரிய. யோவான் வரைந்த படத்தில் முகம் தெரியாது. சிலுவைக்கு மேலே, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, கீழே குனிந்து பார்க்கும் கோணம் அது. தலை மார்பின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. உடல் மரத்தில் சாய்ந்திருக்கவில்லை. மரத்தை விட்டு விலகி முன்னால் சரிந்து தொங்குகிறது. முழுப் பாரத்தையும் ஆணிகள் தாங்குகின்றன. அந்த ஆணிகளைத் தடித்தவையாக வரைந்திருக்கிறார். உள்ளங்கைகள் இழுபட்டுக் கிழிகின்றன. முழங்கால்கள் மடங்கிவிட்டன. பின்னணியில் மலை இல்லை, மாதா இல்லை, படைவீரன் இல்லை. மையால் இழுத்த கோடுகள், நடுவில் பாரம் தாளாத ஓர் உடல், அவ்வளவுதான்.

அவருடைய காலத்தில் ஆண்டவரை இப்படி வரைவது வழக்கம் இல்லை. அவருக்கு இந்தக் கோணம் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். விண்ணகத் தந்தை மேலிருந்து தம் மகனைப் பார்க்கும் பார்வை இது என்பார்கள் சிலர். அழகான விளக்கம், மறுக்கமாட்டேன். ஆனால் என் மனம் வேறொரு பக்கம் போகிறது.

யோவான் 1542-இல் ஃபோந்திவேரோஸ் என்ற சிற்றூரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்தார். தாய் கத்தலினா தறியில் உட்கார்ந்து பிள்ளைகளை வளர்க்கப் பாடுபட்டார். பிழைப்புத் தேடி மெதீனா தெல் காம்போ நகருக்கு வந்தார்கள். அங்கே சிறுவன் யோவானைத் தச்சு வேலைக்கும் தையல் வேலைக்கும் மரச் செதுக்கு வேலைக்கும் வண்ணம் தீட்டும் வேலைக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில், தீராத நோயில் விழுந்த ஏழைகளைச் சேர்க்கும் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே சில ஆண்டுகள் இருந்தார்.

நோயாளியைத் தூக்கி உட்கார வைத்தவர்களுக்குத் தெரியும். அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கும்போது, சுயநினைவில்லாத உடல் எப்படி முன்னால் சரியும், தலை எப்படி மார்பில் விழும், முடி எப்படி முகத்தை மறைக்கும் என்று. மேலே நின்று குனிந்துதான் தூக்குவோம். அப்போது நோயாளியின் முகம் நமக்குத் தெரியாது. உச்சந்தலையும் தோளும்தான் தெரியும். யோவான் வரைந்திருப்பது அந்தக் காட்சிதான் என்று நான் நம்புகிறேன். செபத்தில் கண்டதை வரைய உட்கார்ந்தபோது, நோயாளிகளைத் தூக்கிப் பழகிய கை அவருக்கு உதவியிருக்கிறது. கண்டது அருள், வரைந்தது பல ஆண்டுகள் மனிதரைக் கூர்ந்து பார்த்த ஒருவரின் கை.

1951-இல் சால்வதோர் தாலி என்ற ஸ்பானிய ஓவியர் இந்தச் சிறு படத்தை மனத்தில் வைத்து ஒரு பெரிய வண்ண ஓவியம் தீட்டினார். அதற்குச் சிலுவை யோவானின் பெயரையே வைத்தார். அடுத்த ஆண்டு கிளாஸ்கோ நகராட்சி அதை 8,200 பவுன் கொடுத்து வாங்கியது. உங்களில் பலர் அதன் அச்சுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இருண்ட வானில் சிலுவை மிதக்கிறது, கீழே நீர்ப்பரப்பும் படகும். அதில் ஆண்டவரின் உடலில் காயம் இல்லை, ஆணி இல்லை. பார்க்க மிக அழகாக இருக்கும். எனக்கோ, உள்ளங்கை அளவுத் தாளில் உள்ள அந்தத் தடித்த ஆணிகளிடம்தான் திரும்பத் திரும்பப் போகத் தோன்றுகிறது.

அன்பார்ந்தவர்களே, வரைவதைக் கடவுளே ஒருவருக்கு வேலையாகக் கொடுத்திருக்கிறார். எசேக்கியேல் நூலின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களோடு கெபார் ஆற்றங்கரையில் இருக்கிறார் எசேக்கியேல். குரு குலத்தவர், ஆனால் கோவில் நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் இருக்கிறது. அவரிடம் ஆண்டவர் ஒரு செங்கல்லை எடுத்துத் தன் முன் வைத்து, அதன்மேல் எருசலேம் நகரை வரையச் சொல்கிறார். பாபிலோனில் கல் அரிது, களிமண் ஏராளம். களிமண் பலகையில் நகரத்தின் வரைபடத்தைக் கீறிவைப்பது அந்த நாட்டு வழக்கம். ஆக, அகதியாகப் போன இடத்தில், அந்த இடத்து மண்ணில், பிரிந்து வந்த ஊரை அவர் நினைவிலிருந்து வரைய வேண்டும். எந்த வாசல் எந்தத் திசையில், எந்தத் தெரு எங்கே திரும்பும், கோவில் மதில் எங்கே தொடங்கும் என்று ஒவ்வொன்றாக.

வரைந்ததோடு விடவில்லை. அந்த நகரத்தைச் சுற்றி முற்றுகை மேடும் பாசறையும் அமைக்கச் சொல்கிறார். பிறகு 390 நாள் இடப்பக்கமாகவும் 40 நாள் வலப்பக்கமாகவும் அதன் முன் படுத்துக் கிடக்கச் சொல்கிறார். எருசலேம் அழியப்போகிறது என்பதை வாயால் சொல்லியிருக்கலாம். மற்ற இறைவாக்கினர்கள் பெரும்பாலும் வாயால்தான் சொன்னார்கள். எசேக்கியேல் தான் அறிவிக்கப்போகும் அழிவின் ஒவ்வொரு மதிலையும் முதலில் தன் விரலால் கீற வேண்டியிருந்தது. தான் அன்பு செய்த ஊர் அது. அதன் ஒரு மூலையைக்கூட அவரால் சும்மா கடந்து போக முடிந்திருக்காது.

‘உருவம் செய்யாதே என்று கட்டளை இருக்கிறதே, ஃபாதர்’ என்று பிற சபை நண்பர்கள் நம் இளைஞர்களிடம் கேட்பதுண்டு. இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதில்லை. எட்டாம் நூற்றாண்டில் இதே கேள்விக்காகப் படங்கள் எரிக்கப்பட்டன, துறவிகள் துன்புறுத்தப்பட்டார்கள். காணமுடியாத கடவுளை யாரும் வரைய முடியாது. ஆனால் வாக்கு மனிதராகி, கண்ணால் காணக்கூடிய முகத்தோடு நம்மிடையே குடிகொண்ட பிறகு அந்த முகத்தை வரையலாம் என்று தமஸ்கு நகர் புனித யோவான் பதில் எழுதினார். 787-இல் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் அதை உறுதி செய்தது. இன்னும் பத்து நாளில் நாம் குடில் வைக்கப்போகிறோமே, அதற்கும் இதுதான் அடிப்படை. கடவுள் பார்க்கக் கூடியவரானார். ஆகவே பார்ப்பதும் செபமாகலாம்.

பழைய நெதர்லாந்து ஓவியர் ரோகியர் வான் டெர் வெய்டன் 1435-க்கும் 1440-க்கும் இடையில் தீட்டிய ஓவியம் ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. நற்செய்தியாளர் லூக்கா அன்னை மரியாவை வரைகிறார். லூக்கா மாதாவை வரைந்தார் என்பது பழைய மரபு. சென்னை பரங்கிமலையில், வருகிற 18-ஆம் தேதி திருவிழா கொண்டாடும் எதிர்பார்ப்பு அன்னையின் ஆலயத்திலும், லூக்கா வரைந்ததாகவும் திருத்தூதர் தோமா கொண்டுவந்ததாகவும் மரபு சொல்லும் மாதா படம் ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். ரோகியரின் ஓவியத்தில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். லூக்காவின் கையில் தூரிகை இல்லை, வண்ணக் கிண்ணம் இல்லை. ஒரு சிறு தாளும் வெள்ளிமுனை எழுத்தாணியும்தான் இருக்கின்றன. வெள்ளிக் கோடு மிக மெல்லியது, சாம்பல் நிறம், எளிதில் அழிக்க முடியாது. ஆகவே அன்னையை நன்றாகப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு கோட்டையும் போட வேண்டும். அன்னையோ குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறார். லூக்கா வசதியாக உட்காரவும் இல்லை, முழுதாக மண்டியிடவும் இல்லை. பாதி முழந்தாளில் இருக்கிறார். வழிபடுவதா வரைவதா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

நெல்லைப் பக்கம் நான் பணிசெய்த பங்கில், பீடி சுற்றிப் பிழைத்த ஓர் ஆச்சிக்கு முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுபோவேன். ஒரு தடவை போனபோது ஆச்சி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இடக்கை மடியில், வலக்கை அதன்மேல். எதிரே தரையில் பதினோராம் வகுப்புப் பேத்தி, ரெக்கார்டு நோட்டின் கோடு போடாத பக்கத்தில் ஹெச்.பி. பென்சிலால் அந்தக் கைகளை வரைந்துகொண்டிருந்தாள். “சாமி, இவளக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க. கைய அசைக்காதன்னு உக்கார வச்சிட்டா. இந்தக் கையில என்ன கெடக்கு?” என்றார் ஆச்சி. “பேசாம இரு ஆச்சி, கை ஆடுது” என்றாள் அவள்.

நான் அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். விரல் நுனிகளில் புகையிலைக் கறை ஏறிய இடத்தைப் பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்திருந்தாள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் அடியில் ஏறிய காய்ப்பு, வீங்கிய கணுக்கள், கழற்ற முடியாமல் சதையில் இறங்கிவிட்ட செம்பு மோதிரம். ஆள்காட்டி விரலை மட்டும் மூன்று தடவை வரைந்திருந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடுகள். “ஃபாதர், ஆச்சிக்கு இந்த வெரல் கோணலா இருக்கதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். சின்னப் புள்ளைல இருந்து இந்தக் கைதான் எனக்குச் சோறு ஊட்டுச்சு” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறிவிட்டது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கையை அசைக்கவில்லை.

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். அந்தப் பெண்ணின் கைபேசியில் ஆச்சியின் போட்டோ இல்லாமலா இருக்கும்? பிறந்தநாளுக்கு எடுத்தது, திருவிழாவுக்கு எடுத்தது என்று நிறையவே இருக்கும். நான் போட்டோவுக்கு எதிரி இல்லை. இறந்துபோன நம் பெற்றோரின் முகத்தை அதுதான் நமக்குக் காத்துத் தருகிறது. ஆனால் போட்டோ எடுக்க நாம் அங்கே நிற்க வேண்டிய நேரம் ஒரு நொடி. வரைவதற்கு உட்கார வேண்டும். எதிரில் இருப்பவரின் வயதையும் நோயையும் சலிப்பையும் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். இப்போது வார்த்தையில் சொன்னால் படத்தை ஆக்கித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. மாதா படம் வேண்டும் என்றால் நொடியில் பத்து மாதா படம் வரும், ஒன்றைவிட ஒன்று பளபளப்பாக. அவற்றில் ஒன்றுகூட யாரும் யார் முன்னாலும் உட்கார்ந்ததால் வந்தது கிடையாது. வரைதல் மதிப்பிழந்து போகும் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் நமக்காக உட்கார்ந்து தந்த நேரத்துக்கு எந்தக் காலத்திலும் மதிப்புக் குறையாது.

உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களிடம் வந்து முதலில் காட்டியது தம் கைகளை. மாட்சிமை பெற்ற உடலிலும் ஆணித் தழும்புகளை அவர் நீக்கிக்கொள்ளவில்லை. பார்க்கச் சொன்னார். தோமா தாமதமாக வந்தபோது அவருக்காக மறுபடியும் காட்டினார்.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் பேசுகிறேன். ‘படம் வரைஞ்சு என்ன ஆகப்போற?’ என்ற கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். டாக்டராக வேண்டும், இன்ஜினியராக வேண்டும், அதற்கு நீட் பயிற்சி வேண்டும், வேதியியல் டியூஷன் வேண்டும். பள்ளிக்கூடங்களிலும் ஓவிய வகுப்பு என்று அட்டவணையில் இருக்கும் மணிநேரத்தைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது நடக்கத்தான் செய்கிறது. இது பெரிய தவறு என்று இந்தப் பீடத்தின் முன் நின்று சொல்கிறேன்.

சிலுவை யோவான் பிறந்த அதே ஸ்பெயினில் 1852-இல் பிறந்தவர் சாந்தியாகோ ராமோன் இ காகால். சிறுவயதில் சதா படம் வரைந்துகொண்டிருந்தார். ஓவியராக வேண்டும் என்பது ஆசை. தகப்பனார் மருத்துவர், கண்டிப்பானவர். படம் கிடம் கூடாது, மருத்துவம்தான் என்றார். மகனுக்கு உடற்கூற்றியலைக் கற்பிக்க அந்தத் தகப்பனே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய கல்லறையிலிருந்து கிடைத்த எலும்புகளை முன்னால் வைத்து வரையச் சொன்னார். பையன் வரைந்தான், மருத்துவரும் ஆனான். பின்னாளில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து மூளையின் நரம்பணுக்களை மையால் வரைந்தார். நரம்புகள் எல்லாம் விட்டுப்போகாத ஒரே வலை என்று பல அறிஞர்கள் எண்ணியிருந்த காலம். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி உயிரணு என்பதைக் காகால் நிலைநாட்டினார். 1906-இல் நோபல் பரிசு பெற்றார், கோல்ஜி என்ற இத்தாலிய அறிஞரோடு பகிர்ந்து. காகால் ஒளிப்படக் கலையில் வல்லவர். அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். ஆனாலும் நரம்பணுக்களைக் கையால்தான் வரைந்தார். அந்தப் படங்கள் இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் போடுகிற நரம்பணுப் படத்துக்குப் பின்னால், வரையாதே என்று தடுக்கப்பட்ட ஒரு சிறுவன் இருக்கிறான்.

மருத்துவத்துக்கு உதவும் என்பதற்காக மட்டும் வரையவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விடுதலைப் பயண நூலில் ஆண்டவர் மோசேயிடம் பெட்சலேல் என்ற கைவினைஞரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்ய அவரைத் தம் ஆவியால் நிரப்பியிருப்பதாகச் சொல்கிறார். பிள்ளையின் விரலில் இருக்கும் அந்தத் துறுதுறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு, பிறகு நோட்டைப் பிடுங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கிறிஸ்து பிறப்பு நெருங்குவதால் இன்னொரு படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெர்லின் நகரில், போரில் குண்டு விழுந்து பாதி சிதைந்த கோபுரத்தோடு நிற்கும் கைசர் வில்ஹெல்ம் நினைவு ஆலயத்தில் அது இருக்கிறது. வரைந்தவர் கூர்ட் ராய்பர். புராட்டஸ்டன்ட் சபைப் போதகர், மருத்துவரும்கூட. ரஷ்யாவுக்குள் படையெடுத்துப் போன ஜெர்மானியப் படையில் மருத்துவராகச் சேர்க்கப்பட்டார். 1942 நவம்பரில் ஸ்தாலின்கிராத் நகரருகே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படையைச் சோவியத் படை வளைத்தது. உணவு தீர்ந்துகொண்டிருந்தது, மருந்து தீர்ந்துகொண்டிருந்தது, கடும் குளிர்.

கிறிஸ்து பிறப்பு வந்தது. மண்ணைத் தோண்டி அமைத்த பதுங்குகுழியில் ராய்பர் தம் தோழர்களுக்காக ஒரு படம் வரைய முடிவு செய்தார். தாள் ஏது? ரஷ்யப் படையிடமிருந்து கைப்பற்றிய நிலவரைபடம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் கரித்துண்டால் வரைந்தார். படம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். குழியோ மிகச் சிறியது. தள்ளி நின்று பார்க்க வழியில்லாமல் படுக்கைப் பலகைமேலும் முக்காலிமேலும் ஏறி நின்று பார்த்ததையும், பென்சில்கள் களிமண் வெடிப்புகளுக்குள் விழுந்து காணாமல் போனதையும் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். படத்தில் ஒரு பெண், பெரிய போர்வைக்குள் குழந்தையை முழுதாகச் சுற்றி அணைத்து, தலையைக் குழந்தைமேல் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தில் ஒளி, வாழ்வு, அன்பு என்ற மூன்று சொற்களை ஜெர்மன் மொழியில் எழுதினார். யோவான் நற்செய்தியில் நாம் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சொற்கள் அவை. திருவிழிப்பு இரவில் அந்தப் படத்தைக் களிமண் சுவரில் மாட்டிக் கதவைத் திறந்தபோது, உள்ளே வந்த வீரர்கள் அதன் முன் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அநியாயமான போர் அது. எந்த நிலத்தைப் பிடிக்க வந்தார்களோ அந்த நிலத்தின் வரைபடத்தின் முதுகில், போர்வைக்குள் குழந்தையைக் காக்கும் ஒரு தாயை அந்தப் படையைச் சேர்ந்த ஒருவரே வரைந்தார். முன்பக்கத்தில் நிலவரைபடத்தின் கோடுகள். பின்பக்கத்தில் தாயின் போர்வையின் கோடு. ஸ்தாலின்கிராத்திலிருந்து பறந்த கடைசி விமானங்களில் ஒன்றில், காயம்பட்ட ஓர் அதிகாரி அந்தப் படத்தை எடுத்துவந்து குடும்பத்திடம் சேர்த்தார். ராய்பர் திரும்பவில்லை. சோவியத் கைதி முகாமில் 1943-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு மறுபடியும் ஒரு மாதாவை வரைந்தார். 1944 ஜனவரி 20 அன்று அங்கேயே இறந்தார். 1983-இல் அவர் குடும்பத்தார் படத்தை பெர்லின் ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டுவீசித் தகர்த்த இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தில் இன்று அதன் நகல் இருக்கிறது. ஸ்தாலின்கிராத் என்று அன்று பெயர் கொண்டிருந்த வோல்கோகிராத் நகரிலும் இருக்கிறது. குண்டு போட்டவர்களும் குண்டு வாங்கியவர்களும் ஒரே கரிக்கோட்டின் முன் செபிக்கிறார்கள். அந்தக் கரித்துண்டின் விலை என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால்தான் கலைகளில் வரைதலை ஏழையின் கலை என்று நினைக்கிறேன். ஆர்கன் வேண்டாம், பளிங்கு வேண்டாம், கூடம் வேண்டாம். அடுப்பில் கிடந்த கரி போதும், சுவர் போதும். அகதிக்கு அது கிடைத்தது, கைதிக்குக் கிடைத்தது. நெசவாளி மகனான யோவானுக்கும் ஒரு துண்டுத் தாள் போதுமாக இருந்தது.

யோவானிடம் கடைசியாக ஒருமுறை திரும்புவோம். வரையத் தெரிந்த அதே புனிதர்தான் படங்களோடும் சுரூபங்களோடும் ஒட்டிக்கொள்வதைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தவர். கார்மேல் மலையேற்றம் என்ற நூலின் மூன்றாம் பகுதியில் இது வருகிறது. சுரூபங்களுக்கு அந்தந்தக் காலத்து நாகரிக உடைகளை மாட்டி அழகுபார்ப்பவர்களைக் கண்டிக்கிறார். வேலைப்பாடு மிகுந்த சிலுவைதான் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு, குருத்தோலையை மடித்து ஒரு குண்டூசியால் இணைத்த சிலுவையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்துச் செபித்த ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறார். குருத்து ஞாயிறன்று நம் வீட்டு வாசலில் செருகி வைக்கும் ஓலைச் சிலுவை போன்றதுதான் அதுவும். பீடத்துச் சேலைக்கும் தேர் அலங்காரத்துக்கும் எந்த அன்பியம் எவ்வளவு தருவது என்று சண்டை வந்த நம் பங்கிலும் இதை யோசிக்க வேண்டும். படத்தை வைத்திருப்பது எளிது. படம் யாரைக் காட்டுகிறதோ அவர் முன் உட்கார்வதுதான் கடினம். யோவான் தாம் வரைந்ததை வைத்துக்கொள்ளவில்லை, கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் பேயாஸ் மடத்துக் கன்னியர்க்கும், கடவுளை நோக்கிப் போகும் பாதையை ஒரு மலையாக வரைந்து, அவரவர் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ள ஆளுக்கொரு படி கொடுத்தார்.

ஆகவே இந்தத் திருவருகைக் காலத்தில் நம் பங்கில் ஒரு காரியம் செய்யலாம் என்று மறைக்கல்வி ஆசிரியர்களோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் பங்கு மண்டபத்தில் பிள்ளைகள் வரைவார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. கைபேசியிலிருந்து பார்த்து வரையக் கூடாது. ஆளைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். தாளும் பென்சிலும் பங்கு கொடுக்கும். அழிரப்பர் கொண்டுவர வேண்டாம். தப்பாக விழுந்த கோடும் இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது எதிரே உட்காரப் பெரியவர்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், அரைமணி நேரம் உட்கார முடிந்தவர்கள், வாசலில் மறைக்கல்வி ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். முகம் காட்டக் கூச்சமாக இருந்தால் கையை மட்டும் காட்டுங்கள், போதும். படுக்கையில் இருப்பவர்களின் வீட்டார் எனக்குச் சொல்லுங்கள். இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிறேன், நானும் கூட வருகிறேன்.